வளரும் பாஷையும் பொறுப்பாட்சியும்

ஓர் ஸ்தாபனம் சிறியதாக இருக்கும்போது அதற்குச் சட்டதிட்டங்கள் அதிகம் வேண்டியதில்லை. பத்துப் பேர் ஒரு திண்ணையில் கூடினால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே காரியத்தைத் தீர்மானித்துவிடலாம். அந்த ஸ்தாபனம் பல்லாயிரம் பேருக்கு உரியதாகப் பெருகிய பின்னும், பழைய பத்துப் பேரே அதே திண்ணையில் கூடித் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டிருந்தால், அவர்கள் எவ்வளவு உத்தமர்களாயினும், வெளியில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் பிறக்கும். சந்தேகம் முற்றிக் கட்சியாகும். கட்சி முற்றிப் பிளவாகும். பொதுவாழ்வில் ஈடுபட்ட நமது வாசகர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கணினிக்கு வேலை ஏவும் ஒரு பாஷையின் சரித்திரத்திலும் இதே உண்மை நிரூபணமாகியிருக்கிறது என்பதைப் பலர் அறியார். பொதுக் காரியங்களில் அக்கறையுள்ளவர்கள் அந்தச் சரித்திரத்தைக் கருத்தூன்றிக் கவனிப்பது நலம்.

ரஸ்ட் என்பது அந்தப் பாஷையின் பெயர். மொஸில்லா ஸ்தாபனத்தில் பணியாற்றிவந்த கிரேடன் ஹோர் என்ற கனடா தேசத்துப் பொறியாளர், 2006-ம் ஆண்டில் தமது சொந்த நேரத்தில் அதைத் தொடங்கினார். அவர் 21-வது மாடியில் குடியிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டை இயக்கிய நிரல் பழுதுபட்டதால் படியேறிச் செல்ல நேர்ந்தபோது மூண்ட எரிச்சலே இம்முயற்சிக்கு வித்து என்பது அவர் வாயிலாகவே வெளிவந்த செய்தி. 2009-ல் மொஸில்லா அதை ஆதரிக்க முன்வந்தது. 2010-ல் அது உலகத்தாருக்கு அறிவிக்கப்பட்டது. 2015-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி அதன் முதல் ஸ்திரமான பதிப்பு வெளியாயிற்று.

இந்தப் பாஷைக்கு என்ன அவசியம் வந்தது என்று கேட்கலாம். கணினி உலகத்தின் அஸ்திவார வேலைகளில் பெரும்பகுதி சி, சி பிளஸ் பிளஸ் என்ற பழைய பாஷைகளில் எழுதப்பட்டது. அவை வேகமும் வல்லமையும் உள்ளவை. ஆனால் கணினியின் நினைவகத்தை நிர்வகிக்கும் பொறுப்பு முழுவதையும் எழுதுகிறவர் தலையிலேயே சுமத்துபவை. எழுதுகிறவர் ஓரிடத்தில் தவறினால், அந்தத் தவறு கள்வர் புகும் ஜன்னலாகிவிடுகிறது. தனது சாதனங்களில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இத்தகைய நினைவகத் தவறுகளே என்று மைக்ரோஸாப்ட் 2019-ல் தெரிவித்தது. குரோம் உலாவியின் கடுமையான பாதுகாப்புக் குறைகளைப் பற்றி 2020-ல் கூகிள் வெளியிட்ட கணக்கும் ஏறக்குறைய இதுவே.

ரஸ்ட் இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. ஒவ்வொரு தகவலுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. மற்றவர்கள் அதைக் கடனாக வாங்கலாம். படிப்பதற்கு மட்டுமென்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் வாங்கலாம். திருத்துவதற்கென்றால் ஒருவர் மட்டுமே, அதுவும் வேறெவரும் படித்துக்கொண்டிராத வேளையில்தான், வாங்கலாம். இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்பதை, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கம்பைலர் சோதித்துவிடும். எழுதியவர் இருபது வருஷ அநுபவசாலியா, நேற்று வந்த மாணவரா என்று அது பார்ப்பதில்லை. விதி மீறப்பட்டிருந்தால் நிரலை ஏற்க மறுத்து, குற்றம் எந்த வரியில் என்பதையும் காட்டிவிடும்.

இவ்விதம் பிறந்த பாஷை 2021-ல் ஆண்ட்ராய்டு அமைப்பிலும், 2022 டிசம்பரில் லினக்ஸின் உட்கருவிலும் இடம்பெற்றது. ஆதலால், இதை யார் நிர்வகிக்கிறார்கள், எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பது ஒரு சிறு நிபுணர் கூட்டத்தின் வீட்டு விவகாரமாக இனி இராது. கையில் செல்போன் வைத்திருக்கும் ஜனங்கள் அனைவரையும் பற்றிய விஷயமாகிவிட்டது.

இப்பாஷையை ஒருவர் தொடங்கினாரே தவிர, ஒருவரே உண்டாக்கிவிடவில்லை. 2013-ல் ஹோர் தலைமையிலிருந்து விலகிக்கொண்டார். 2014 மார்ச்சில், பாஷையில் பெரிய மாறுதல் வேண்டுவோர் எவராயினும் தமது பிரேரணையை எழுதிப் பகிரங்கமாகச் சமர்ப்பித்து, எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கோரவேண்டும் என்ற முறை ஏற்பட்டது. சம்பந்தப்பட்ட குழு முடிவுக்கு வருமுன் கடைசியாக 10 நாள் அவகாசம் கொடுத்து, ஆட்சேபம் உள்ளவர்களை அழைக்கவேண்டும் என்பதும் பின்னர் வழக்கமாயிற்று. நினைவகத்தைத் தானே துப்புரவு செய்யும் ஏற்பாடு, இலகுவான இழைகளை நடத்தும் ஏற்பாடு என்று ஆரம்பத்தில் இருந்த பல அம்சங்கள், இத்தகைய விவாதங்களாலும் அநுபவத்தாலும் 2015-க்கு முன்பே விலக்கப்பட்டன. ஸ்தாபகர் ஆசையோடு வைத்தவற்றையும் சமூகம் தள்ளியது. அவர் பகை பாராட்டவில்லை.

முதற் பதிப்பு வெளியானபோது இச்சமூகத்தார் ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். ஆயினும் நேற்று எழுதிய நிரல் நாளையும் செல்லும் என்பதே அது. பாஷையின் இலக்கணத்தில் மாறுதல் தேவையானால் 2015, 2018, 2021, 2024 என்று ஆண்டின் பெயரால் வழங்கும் தனித்தனி வகுப்புகளாக அதை வெளியிடுகிறார்கள். விரும்பியவர் புதியதற்கு மாறலாம். விரும்பாதவர் பழையதிலேயே இருக்கலாம். இரு சாராரும் ஒருவருடைய நிரலை ஒருவர் உபயோகிக்கவும் தடையில்லை. பைதான் என்ற பாஷையில் 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகு, இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு முடிந்த 2020 ஜனவரி வரையில், பதினோரு வருஷ காலம் அச்சமூகம் இரண்டாக நின்று தவித்ததை நினைத்தால், இந்த வாக்குறுதியின் அருமை விளங்கும். பாஷையை ஆக்குகிறவர்கள் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். ஜனங்கள் நம்பிக்கையோடு வந்து சேர்ந்தார்கள்.

இனி, வளர்ச்சியோடு வந்த வேதனைகளைப் பார்ப்போம். அவை இருவகைப்படும். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பலர் செய்யும் பிழை.

முதல் வகை, சத்தம். பல வேலைகளை ஒரே காலத்தில் காத்திருந்து நடத்துவதற்கான 'அவெய்ட்' என்ற சொல்லை வாக்கியத்தின் முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று 2019-ல் ஒரு பெரும் விவாதம் மூண்டது. நூற்றுக்கணக்கான அபிப்பிராயங்கள் குவிந்தன. சொன்னதையே சொன்னவர்கள் உண்டு, கோபித்தவர்கள் உண்டு, பாஷையே கெட்டுவிடும் என்று சாபமிட்டவர்களும் உண்டு. பாஷைக் குழுவினர் இரு பக்க நியாயங்களையும் தொகுத்து வெளியிட்டு, தங்கள் சாய்வு எந்தப் பக்கம், எதனால் என்பதையும் எழுதி, முடிவு செய்யப்போகும் நாளையும் முன்கூட்டி அறிவித்தார்கள். முடிவு, வேறு பாஷைகளில் இல்லாத விதமாக, பின்னால் வைப்பது என்று ஏற்பட்டது. 2019 நவம்பர் 7-ந் தேதி அது ஸ்திரமான பதிப்பில் வெளியாயிற்று. தோற்றவர்கள் சமூகத்தைவிட்டு ஓடிவிட்டார்களா? இல்லை. தங்கள் வாதம் கேட்கப்பட்டது, பதில் சொல்லப்பட்டது என்ற திருப்தியோடு வேலைக்குத் திரும்பினார்கள். இன்று அந்தச் சண்டையை நினைப்பாரும் அரியர்.

இரண்டாவது வகை, மௌனம். ஆபத்து இதில்தான் இருந்தது.

2020 ஆகஸ்டில் மொஸில்லா சுமார் 250 ஊழியர்களை நீக்கியது. ரஸ்டுக்காக உழைத்த பலர் அதில் அடங்குவர். பாஷையின் பெயரும் சொத்தும் யார் வசம் என்ற கேள்வி எழுந்தது. 2021 பிப்ரவரியில் அமேஸான், கூகிள், ஹுவாவே, மைக்ரோஸாப்ட், மொஸில்லா ஆகிய கம்பெனிகளை ஆரம்ப அங்கத்தினர்களாகக் கொண்டு ரஸ்ட் பவுண்டேஷன் ஏற்பட்டது. பணத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அதிகாரத்துக்கு எல்லை கோலப்படவில்லை.

அவ்வருஷம் நவம்பர் 22-ந் தேதி, சமூகத்தில் ஒழுங்கைக் காக்க நியமிக்கப்பட்டிருந்த குழுவினர் அனைவரும் ஒருங்கே ராஜீனாமாச் செய்தார்கள். தலைமைக் குழு தன்னைத் தவிர வேறெவருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே மற்றவர்களுக்குச் செல்லும் ஒழுக்க விதியைத் தலைமைக்கு மட்டும் செலுத்த இயலவில்லை என்பது அவர்களது முறையீடு. உள்ளே நடந்த சம்பவங்களை அவர்கள் வெளியிடவில்லை. தலைமைக் குழுவைக் கண்காணிக்க ஒரு வழி காணுமாறு சமூகத்தைக் கேட்டுக்கொண்டு போனார்கள். 2015-ல் ஆட்சிமுறையை வகுத்த பத்திரம் ஒன்று இருந்ததென்னவோ வாஸ்தவமே. குழுக்களை யார் கேட்பது என்பதற்கு அதில் விடையுண்டு. தலைமையை யார் கேட்பது என்பதற்குத் தெளிவான விடையில்லை. எவ்வளவு கைதேர்ந்தவர் எழுதிய நிரலையும் சோதிக்காமல் ஏற்காத பாஷையை உண்டாக்கியவர்கள், தங்கள் தலைமையை மட்டும் சோதனையின்றி ஏற்று வந்தார்கள்.

நோயின் காரணம் தெரிந்த பின்பும் மருந்து வர ஒன்றரை வருஷத்துக்கு மேலாயிற்று. அந்த இடைக்காலத்தில், பல குழுக்களின் தலைவர்கள் ஒன்றாகப் பேசிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, எவராலும் முறைப்படி வகுக்கப்படாமலே காரியங்களை நடத்தி வந்தது. 2023 ஏப்ரலில், ரஸ்ட் என்ற பெயரையும் சின்னத்தையும் யார், எப்படி உபயோகிக்கலாம் என்பதைப் பற்றிப் பவுண்டேஷன் ஒரு நகல் விதியை வெளியிட்டது. அது மிகக் கெடுபிடியானது என்று எங்கும் கண்டனம் எழுந்தது. நண்டைச் சின்னமாகக் கொண்ட இச்சமூகத்தில், அந்த நண்டின் பெயராலேயே பாஷையின் தனிப் பிரதி ஒன்றைச் சிலர் கிளப்பினார்கள். அடுத்த மாதமே வேறொரு தவறு நேர்ந்தது. ரஸ்ட் மகாநாட்டில் தலைமைப் பேருரை நிகழ்த்த அழைக்கப்பட்ட ஒருவரை, அந்த வகுக்கப்படாத கூட்டத்தில் நடந்த பேச்சை ஆதாரமாகக் கொண்டு, சாதாரணப் பேச்சாளராக இறக்கிவிட்டார்கள். அவர் மகாநாட்டிலிருந்தே விலகிக்கொண்டார். யார் தீர்மானித்தது, எந்த அதிகாரத்தில், என்ன காரணத்தால் என்று கேட்டவர்களுக்கு உடனே விடை சொல்ல ஆளில்லை. மே 29-ந் தேதி சமூகத் தலைமை பகிரங்கமாக மன்னிப்புக் கோர நேர்ந்தது.

வாசகர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நூற்றுக்கணக்கானவர்கள் கூச்சலிட்ட அவெய்ட் விவாதத்தால் ஒரு காயமும் நிலைக்கவில்லை. சில பேர் மரியாதையாக, மெல்லிய குரலில் பேசி முடித்த காரியமோ பல வருஷத்து நம்பிக்கையை ஆட்டிவிட்டது. பொது ஸ்தாபனங்களில் சச்சரவைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இதிலிருந்து பாடம் கற்கலாம். சச்சரவு ஸ்தாபனத்தைக் கொல்வதில்லை. பதில் சொல்லக் கடமைப்படாத அதிகாரமே அதைக் கொல்லும்.

தலைமையில் இருந்தவர்கள் தீயவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் அநேகர் சம்பளமின்றித் தூக்கத்தைத் துறந்து உழைத்த தொண்டர்கள். வேலை மிகுந்தது, ஆள் குறைந்தது, அவசரத்தில் நாலு பேர் பேசி முடிப்பது வழக்கமாயிற்று, வழக்கமே அதிகாரமாயிற்று. துர்எண்ணத்தால் வரும் கேட்டைக் காட்டிலும் நல்லெண்ணத்தால் வரும் இந்தக் கேடு கொடியது. நல்லவர்களை நோக்கிக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராதல்லவா?

இத்தகைய தருணங்களில் இரண்டு போலி மருந்துகள் விலை கூறப்படும். ஒன்று, ஸர்வாதிகாரம். "ஸ்தாபகரே கடைசிவரை தலைவராக இருந்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் ஏது?" என்கிறார்கள். இதற்கு ஹோரே 2023 ஜூனில் பதிலளித்துவிட்டார். தாம் விரும்பிய அம்சங்கள் எவை, சமூகம் எவற்றையெல்லாம் தள்ளியது என்பதை வரிசையாக எழுதி, தம் விருப்பப்படி நடந்திருந்தால் அந்தப் பாஷைக்கு எதிர்காலமே இருந்திராது என்று முடித்தார். பைதான் பாஷைக்கு ஆயுள்காலத் தலைவராக விளங்கிய கைடோ வான் ரோஸம், ஒரு சிறு இலக்கண மாறுதலை ஒட்டி எழுந்த சண்டையில் களைத்து, 2018 ஜூலையில் விலகினார். அதன் பின் ஐவர் கொண்ட சபையைத் தேர்ந்தெடுத்துத்தான் அச்சமூகம் நிலைபெற்றது. எவ்வளவு நல்ல தலைவரும் ஒருநாள் களைப்பார். அன்று அவருடன் சேர்த்து ஆட்சிமுறையும் போய்விடும்.

இரண்டாவது போலி மருந்து, பணம். "செலவு செய்கிற கம்பெனிகளே நிர்வகிக்கட்டும், அவர்களுக்கு நிர்வாகம் தெரியும்" என்பது அந்த வாதம். கம்பெனிகளின் பணம் வேண்டியதே. சோதனை யந்திரங்களும் ஊழியர் சம்பளமும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஆனால் 2020-ல் மொஸில்லாவின் கணக்குப் புத்தகம் சுருங்கிய அன்றே எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பதை மறக்கலாகாது. பணம் கொடுப்பவரின் சௌகரியம் மாறும். பொதுச் சொத்து அந்தச் சௌகரியத்தின்மேல் நிற்கக்கூடாது.

மெய்யான மருந்து பொறுப்பாட்சி ஒன்றே. அதை ரஸ்ட் சமூகம் தாமதித்தேனும் கைக்கொண்டது. 2023 ஜூனில் பழைய தலைமைக் குழு ஒழிந்து, தலைமைச் சபை ஏற்பட்டது. வேலை செய்யும் ஒவ்வொரு பெரிய குழுவும் தன் பிரதிநிதி ஒருவரை அதற்கு அனுப்புகிறது. பிரதிநிதியின் காலம் ஒரு வருஷம், மீண்டும் அனுப்பலாம். சபையில் ஐவரோ அதற்குக் குறைவோ இருந்தால் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர் ஒருவருக்கு மேல் கூடாது. ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தால் இருவருக்கு மேல் கூடாது. எவ்வகைத் தீர்மானம் பகிரங்கமாக நடக்கவேண்டும், எது மட்டும் அந்தரங்கமாக இருக்கலாம் என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. சபையினர்மீதே புகார் வந்தால் விசாரிப்பதற்கும் வழி வகுத்திருக்கிறார்கள். இவை யாவும் 2021-லேயே எழுதப்பட்டிருந்தால் எத்தனை மனத்தாபம் மிஞ்சியிருக்கும்! சண்டை வருமுன் எழுதும் விதி இரு சாராருக்கும் பொதுவாக இருக்கும். சண்டை வந்தபின் எழுதும் விதியில் யாராவது ஒருவர் தோல்வியைக் காண்பார்.

விதி எழுதிவிட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. சமூகத்தாருக்கும் பொறுப்புண்டு. 2020 ஜனவரியில், புகழ்பெற்ற ரஸ்ட் நிரல் தொகுப்பு ஒன்றைப் பராமரித்துவந்தவர், அதன் குறைகளைப் பற்றி வந்த வசைமாரியைப் பொறுக்காமல் வேலையையே விட்டுவிட்டார். குறைகள் இருந்தது உண்மை. ஆனால் இலவசமாக உழைக்கும் தொண்டரைக் கூலியாளைப்போல் ஏசும் உரிமை யாருக்கு உண்டு? கேள்வி கேட்பது உரிமை. கேட்ட பிறகு ஒரு கை கொடுப்பது கடமை. ரஸ்டின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வெளிவருமுன், உலகத்தார் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் நிரல்களை அதில் இட்டுப் பார்த்து, எது உடைகிறது என்று சோதிப்பதுண்டு. பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேரின் நிரல்களே அந்த வாக்குறுதிக்குக் காவல் நிற்கின்றன. இதைவிடச் சிறந்த நிர்மாண வேலை எது?

கணினித் தொழிலில் புகும் தமிழ் வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். ரஸ்ட் போன்ற பாஷைகள் எந்தத் தேசத்தின் ஏகபோகமும் அல்ல. பிரேரணை எழுதுவதற்கும், பிழை திருத்துவதற்கும், ஆட்சேபம் சொல்வதற்கும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிறர் ஆக்கிவைத்ததை வாங்கி உபயோகிப்பதோடு நின்றுவிட்டால், பிறர் செய்யும் தீர்மானங்களுக்கும் கட்டுப்பட்டே கிடக்க வேண்டும். வேலையில் பங்குகொண்டவர்களின் சொல்லுக்கே அங்கே மதிப்புண்டு.

சங்கங்களையும் கமிட்டிகளையும் நடத்தும் நம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஸ்தாபனத்தின் விதிப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். காரியக் கமிட்டி தவறினால் அதை யார் கேட்பது என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையேல், ஒற்றுமை நிலவும் இந்தக் காலத்திலேயே அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அதற்கொரு பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றிவிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.